டேஷ்போர்டில் ஒரு ஓட்டை: பழைய கார்களும் புது ரேடியோக்களும்

1970-ல் செய்த ஒரு போர்ஷே 911 காரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ப்ளூடூத் வேண்டும், வழிகாட்டும் வரைபடம் வேண்டும், டிஜிட்டல் ரேடியோ வேண்டும். ஆனால் கண்ணாடி வழியாக எட்டிப் பார்க்கிறவருக்கு உள்ளே 1970 மாதிரியே தெரியணும். முடியுமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் முடித்துவிடலாம். காரின் தகட்டில் ஒரு கீறல்கூட விழாது. அதே வேலையை 2005 வாக்கில் வந்த ஒரு ஐரோப்பிய சொகுசுக் காரில் செய்யப் பாருங்கள். ரேடியோவைக் கழற்றினால் ஏசி திரை சேர்ந்து வரும், வண்டியின் எச்சரிக்கை ஒலிகள் நின்றுபோகும், ஸ்டியரிங்கில் இருக்கிற பொத்தான்கள் செத்துவிடும். பாதிப் பேர் முயற்சியைக் கைவிட்டு, ஒரு போன் ஸ்டாண்டு வாங்கி ஏசி காற்று வருகிற இடத்தில் சொருகிக்கொள்கிறார்கள்.

முப்பத்தைந்து வருஷம் மூத்த கார் சுலபம், இளையது கஷ்டம். மென்பொருள் வேலையில் இருக்கிறவர்களுக்கு இந்த முரண் புதுசில்லை. 1970-களில் யுனிக்ஸுக்கு எழுதிய சின்னச் சின்னக் கட்டளைகள் இன்றைக்கும் ஓடுகின்றன; 2006-ல் ஃப்ளாஷில் செய்த இணையதளம் எந்த உலாவியிலும் திறக்காது. உள்ளே எவ்வளவு நல்ல பொறியியல் இருந்தது என்பதைவிட, இரண்டு பொருள்கள் சந்திக்கிற எல்லையை எப்படி வரைந்தார்கள் என்பதுதான் ஆயுளைத் தீர்மானிக்கிறது. நாங்கள் இன்டர்ஃபேஸ் என்று சொல்வோம். கார் ரேடியோவின் கதையை இந்தக் கோணத்தில் படித்துக்கொண்டிருந்தேன். பழைய முகத்தை வைத்துக்கொண்டு உள்ளே புதுசு பண்ணுவது என்கிற ஆசைக்கு இதில் நிறைய பதில் இருக்கு.

பெட்டி ஓரிடம், முகம் ஓரிடம்

1930 ஜூனில் பால் கால்வின் என்பவர் தன் காரில் ஒரு ரேடியோவைப் பொருத்திக்கொண்டு, அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த ரேடியோ தயாரிப்பாளர் மாநாட்டுக்கு ஓட்டிப் போனார். உள்ளே கடை போடக் காசில்லை. வெளியே வண்டியை நிறுத்தி, சத்தத்தை ஏற்றிவைத்து, போகிறவர் வருகிறவரைக் கூப்பிட்டுக் காட்டி ஆர்டர் பிடித்தார். மோட்டாரையும் விக்ட்ரோலாவின் வாலையும் சேர்த்து அதற்கு வைத்த பெயர்தான் மோட்டோரோலா. விலை சுமார் 110 முதல் 130 டாலர் வரை. அப்போது ஃபோர்டு மாடல் ஏ காரே ஐந்நூறு டாலர் சொச்சம்தான்! ஐரோப்பாவில் 1932-ல் ப்ளாபுங்க்ட் கொண்டுவந்த ஆட்டோசூப்பர் ஏ.எஸ். 5 இன்னும் மோசம்: 465 ரைஷ்மார்க், கிட்டத்தட்ட ஒரு சின்னக் காரின் விலையில் மூன்றில் ஒரு பங்கு, பருமன் ஏறக்குறைய பத்து லிட்டர்.

பத்து லிட்டர் பெட்டியை எங்கே வைப்பது? டேஷ்போர்டில் இடமில்லை. ஆகவே பெட்டியை எங்காவது காலடியில், இன்ஜின் தடுப்புச் சுவரில் முடுக்கினார்கள். ஸ்பீக்கர் தனி. ஓட்டுநரின் கைக்கு எட்டுகிற மாதிரி ஸ்டியரிங் தண்டில் ஒரு சின்னத் தலை மட்டும் இருக்கும். அதில் ஒரு டயல், ஒரு சாவி, ஒன்றிரண்டு குமிழ். அங்கிருந்து பெட்டிவரைக்கும் சைக்கிள் பிரேக் கேபிள் மாதிரி வளையும் கம்பிகள் ஓடும். குமிழைத் திருகினால் கம்பி சுழன்று, தூரத்தில் இருக்கிற பெட்டிக்குள் ட்யூனிங் நகரும்.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், பழைய கார் ஆர்வலர்களில் ஒரு சாரார், "ஆம்ப்ளிஃபயரைச் சீட்டுக்கு அடியில் ஒளித்துவைத்து, முன்னால் பழைய முகத்தை மட்டும் காட்டுவது ஏமாற்று வேலை" என்று சொல்வார்கள். ஆனால் கார் ரேடியோ பிறந்ததே அப்படித்தான். 1932-ன் அமைப்பும் இன்றைய மறைவு ஆம்ப்ளிஃபயரும் அமைப்பளவில் ஒன்று. நடுவில் கம்பிக்குப் பதில் ஒயர் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பெட்டி பெரிதாக இருந்ததற்குக் காரணம் வால்வுகள். வால்வுக்கு இருநூறு வோல்ட் அளவில் மின்னழுத்தம் வேணும். காரில் இருப்பதோ 6 வோல்ட். நேர்மின்சாரத்தை அப்படியே ஏற்ற முடியாது. அதனால் வைப்ரேட்டர் என்று ஒரு பாகம் வைத்தார்கள். காலிங் பெல் மாதிரி நொடிக்கு நூறு தடவைக்கு மேல் துடித்து, மின்சாரத்தை வெட்டி வெட்டி விடும். வெட்டுப்பட்ட மின்சாரத்தை டிரான்ஸ்ஃபார்மர் ஏற்றிவிடும். பழைய வால்வு ரேடியோவைப் போட்டதும் முதலில் கேட்கிற அந்த 'ங்ங்ங்' முனகல் இதுதான். இன்றைக்கு நாம் பாக்கெட்டில் வைத்திருக்கிற சார்ஜரும் இதே வேலையைத்தான் நொடிக்கு லட்சம் தடவைக் கணக்கில், சத்தமில்லாமல் செய்கிறது.

1955 ஏப்ரலில் கிரைஸ்லரும் ஃபில்கோவும் சேர்ந்து முழுக்க டிரான்சிஸ்டரால் ஆன கார் ரேடியோவை அறிவித்தன. 150 டாலர் கூடுதல் விலை. வைப்ரேட்டரும் போச்சு, சூடும் போச்சு. அதே சமயத்தில் கிரைஸ்லர் இன்னொரு கூத்தும் பண்ணியது: காருக்குள் கிராமஃபோன்! 'ஹைவே ஹை-ஃபை' என்று பெயர். நிமிஷத்துக்கு 16⅔ சுற்று ஓடும் தனி வகைத் தட்டு. வண்டி குலுங்கினாலும் முள் தாவக்கூடாது என்று மெனக்கெட்டார்கள். ஆனால் அந்தத் தட்டு வேறெந்தக் கடையிலும் கிடைக்காது. சில வருஷத்திலேயே முடிந்துபோனது. எல்லை தனியார் சொத்தாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு முதல் உதாரணம் இது.

இரண்டு தண்டு, நடுவில் ஒரு ஜன்னல்

ரேடியோ டேஷ்போர்டுக்குள் ஏறியபோது அதற்கு ஒரு நிலையான முகம் கிடைத்தது. இடப்பக்கம் ஒரு தண்டு, வலப்பக்கம் ஒரு தண்டு, நடுவில் டயல். ஒன்று சத்தம், மற்றொன்று நிலையம். ரேடியோவைத் தாங்கிப் பிடிப்பதும் அந்தத் தண்டுகள்தான்: பின்னாலிருந்து நுழைத்து, முன்னால் நட்டு போட்டு முடுக்கி, மேலே குமிழைச் செருகிவிடுவார்கள். ஆக, டேஷ்போர்டில் தேவைப்பட்டது இரண்டு வட்டத் துளையும் ஒரு நீள்சதுர ஓட்டையும்தான்.

டயலுக்குக் கீழே ஐந்து பொத்தான். அவற்றைப் பற்றித் தனிப் பதிவே எழுதலாம். பிடித்த நிலையத்துக்கு முள்ளை நகர்த்தி, பொத்தானை வெளியே இழுத்து, திரும்ப உள்ளே அழுத்தினால் அந்த இடம் பதிவாகிவிடும். உள்ளே நெம்புகோலும் தட்டுமாக ஒரு முழு இயந்திரம். பேட்டரியைக் கழற்றினாலும், இருபது வருஷம் வண்டியை ஷெட்டில் போட்டாலும் மறக்காது. 1980-களில் எலெக்ட்ரானிக் ரேடியோ வந்தபோது பேட்டரியைக் கழற்றினாலே நினைவு போய்விட்டது. முன்னேற்றம் என்று சொல்லிக்கொண்டோம்.

ஓட்டையின் அளவு ஆரம்பத்தில் ஆளுக்கொரு விதம். ப்ளாபுங்க்ட், பெக்கர் போன்ற ஜெர்மன் கம்பெனிகள் பல கார்களுக்கும் ஒரே பெட்டியைச் செய்து, காருக்கு ஏற்ற முகப்புத் தகட்டை மட்டும் மாற்றிக் கொடுத்தன. அதனால் அங்கே அளவுகள் மெல்ல ஒன்றை ஒன்று நெருங்கின. இந்த நடைமுறையைத்தான் ஜெர்மன் தர நிறுவனம் டின் 75490 என்று எழுதிவைத்தது. பிறகு அது ஐ.எஸ்.ஓ. 7736 என்று உலகத் தரம் ஆனது. முகப்பு 180-க்கு 50 மில்லிமீட்டர். நம் ஊர் கார் ஆடியோ கடையில் "சிங்கிள் டின்னா, டபுள் டின்னா?" என்று கேட்கிறார்களே, அந்த 'டின்' இதுதான். ஜெர்மன் தர நிறுவனத்தின் பெயர்ச் சுருக்கம். தகர டின் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் கடைக்காரர்களிலேயே உண்டு. பின்பக்க ஒயர் பிளக்குக்கு ஐ.எஸ்.ஓ. 10487 என்று இன்னொரு தரம் வந்தது. ஓட்டை ஒன்று, பிளக் ஒன்று. யார் செய்த ரேடியோவையும் யார் செய்த காரிலும் போடலாம்.

1970-ன் போர்ஷே இன்றைக்கும் சுலபமாக இருப்பதற்கு இதுதான் காரணம். 2010-களின் நடுவில் போர்ஷே தன் பழைய கார்களுக்கென்றே இரண்டு குமிழும் நடுவில் 3.5 அங்குலத் தொடுதிரையும் வைத்த ஒரு ரேடியோவை விற்க ஆரம்பித்தது. 2020-ல் அதற்கு அடுத்த பதிப்பு, 1,400 யூரோவுக்கு மேல். முதல் 911 தொடங்கி 1990-களின் 993 வரை அந்த ஒரே முகம் போகும். ஜாகுவாரும் லேண்ட் ரோவரும் தங்கள் பழைய வண்டிகளுக்கு இதே மாதிரி ஒன்றைக் கொண்டுவந்தன. ப்ளாபுங்க்ட் பெயரில் 'பிரெமன் எஸ்.க்யூ.ஆர். 46' என்கிற எண்பதுகளின் ரேடியோ, முகம் மாறாமல் உள்ளே டிஜிட்டலாக மறுபடி பிறந்திருக்கிறது. இதில் ஒரு வேடிக்கை. பாஷ் கம்பெனி ப்ளாபுங்க்டை 2009 வாக்கில் விற்றது, வாங்கியவர்கள் திவாலானார்கள், இன்று அந்த நீலப் புள்ளி உரிமம் பெற்றவர்கள் ஒட்டிக்கொள்கிற ஒரு முத்திரை. பொருளின் முகம் மட்டுமில்லை, கம்பெனியே இப்போது ஒரு பழங்கால முகம்தான்.

காற்றிலும் இதே ஒழுக்கம்

ஓட்டையில் இருந்த ஒழுக்கம் அலைவரிசையிலும் இருந்தது என்பது என்னை ரொம்பவே கவர்ந்தது. 1961-ல் அமெரிக்கா எஃப்.எம். ஸ்டீரியோவுக்கு அனுமதி கொடுத்தபோது, ஏற்கெனவே லட்சக்கணக்கான மோனோ ரேடியோக்கள் இருந்தன. இடது, வலது என்று இரண்டையும் தனித்தனியாக அனுப்பினால் மோனோ ரேடியோவில் பாதிப் பாட்டுதான் கேட்கும். ஆகவே கூட்டுத்தொகையை வழக்கமான இடத்திலும், வித்தியாசத்தை 38 கிலோஹெர்ட்ஸ் மேலேயும் வைத்தார்கள். மோனோ ரேடியோ கூட்டுத்தொகையை மட்டும் எடுத்துக்கொள்ளும். மேலே ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. ஸ்டீரியோ ரேடியோ இரண்டையும் கூட்டி இடதை எடுக்கும், கழித்து வலதை எடுக்கும். எட்டாம் வகுப்பு அல்ஜீப்ரா.

ஜெர்மனியில் 1974-ல் போக்குவரத்து அறிவிப்புகளுக்காக ஏ.ஆர்.ஐ. என்ற முறை வந்தது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே 57 கிலோஹெர்ட்ஸில் ஒரு ரகசிய சமிக்ஞை போகும். "இந்த நிலையம் சாலைச் செய்தி சொல்லும், இப்போது சொல்கிறது" என்று ரேடியோவுக்குக் குறிப்பு கொடுக்கும். பத்து வருஷம் கழித்து நிலையத்தின் பெயரையே எழுத்தில் அனுப்புகிற ஆர்.டி.எஸ். வந்தபோது, அதை வேறிடத்தில் வைக்காமல் அதே 57-ல், தொண்ணூறு டிகிரி தள்ளி உட்கார வைத்தார்கள். இரண்டும் ஒன்றை ஒன்று இடிக்காது. 1974-ல் வாங்கிய ரேடியோ 2005-ல் ஏ.ஆர்.ஐ. அணைக்கப்படும்வரை வேலை செய்தது. முப்பத்தொரு வருஷம்! நான் எழுதிய எந்த நிரலுக்கும் அந்த ஆயுள் கிடையாது.

எங்கே அறுந்தது

டின் ஓட்டையின் நல்ல குணமே அதன் எதிரியாகவும் ஆனது. இரண்டு வளைந்த கம்பிச் சாவியை முகப்பின் ஓரத்துளைகளில் விட்டால் ரேடியோ வழுக்கிக்கொண்டு வெளியே வரும். கடைக்காரருக்கு வசதி, திருடனுக்கு அதைவிட வசதி. திருடியதை எந்தக் காரிலும் போடலாம் என்பதால் வாங்க ஆளும் உண்டு. 1980-களிலும் 90-களிலும் ஐரோப்பிய நகரங்களில் கார் கண்ணாடி உடைவது அன்றாடம். முதலில் ரேடியோவையே கைப்பிடியோடு இழுத்து வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு முகப்பை மட்டும் கழற்றிப் பையில் போட்டார்கள். பிறகு ரகசிய எண். கடைசியில் கார் கம்பெனிகள், வேறெந்தக் காரிலும் பொருந்தாத வளைந்த வடிவத்தில் ரேடியோவைச் செய்ய ஆரம்பித்தன. திருட்டு குறைந்தது. கூடவே, உரிமையாளர் தானே மாற்றிக்கொள்கிற வழியும் அடைந்தது. திருட்டு மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். தன் ரேடியோவைத் தானே விற்கிற லாபமும் இதில் கண்டிப்பாக உண்டு.

2001-ல் பி.எம்.டபிள்யூ. 7 சீரிஸில் வந்த மோஸ்ட் என்கிற ஒளியிழை வளையம் அடுத்த படி. ரேடியோ, ஆம்ப்ளிஃபயர், போன், திரை எல்லாம் ஒரே வளையத்தில் கோத்த மணிகள். ஒன்றைக் கழற்றினால் வளையமே அறுந்து மொத்தமும் ஊமை. இந்தத் தலைமுறைக் கார்களும் இப்போது இருபது வயதைத் தாண்டிவிட்டன. அவற்றின் ரேடியோ செத்தால் என்ன செய்வது? 1997-லிருந்து வந்த 996-க்கு போர்ஷேயே தனியாக ஒன்றைச் செய்து, பழைய ஆம்ப்ளிஃபயரோடும் ஸ்பீக்கரோடும் பேசவைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. கம்பெனி பணக்காரனாகவும், கார் விலை உயர்ந்ததாகவும் இருந்தால் இது நடக்கும். மற்றவர்கள் கதி அதோகதி.

வெட்டலாமா கூடாதா

இங்கே ஒரு பழைய பாவத்தையும் சொல்லணும். பிலிப்ஸ் 1968-ல் காருக்குக் கேசட் பிளேயர் கொண்டுவந்தது. 1984-ல் பயனியர் முதல் கார் சி.டி. பிளேயரை விற்றது. ஒவ்வொரு அலையிலும் ஐம்பது அறுபதுகளின் கார்களில், புதுப் பெட்டி நுழையவில்லை என்று டேஷ்போர்டை ரம்பத்தால் அறுத்தார்கள். அன்றைக்கு அது பழைய கார் மட்டும்தான், பாரம்பரியம் என்று யாரும் நினைக்கவில்லை. இன்று அந்தக் கார்களை மீட்டெடுப்பவர்களுக்கு அறுபட்ட தகட்டை ஒட்டவைத்துத் தேய்த்துச் சரிசெய்வது பெரும் செலவு.

பழைய வாகன அமைப்புகளின் உலகக் கூட்டமைப்பான ஃபிவா 2012-ல் ஏற்றுக்கொண்ட தோரினோ சாசனம் இதைப் பற்றி நிதானமாகப் பேசுகிறது. மாற்றம் தேவைப்பட்டால் குறைந்தபட்சமாக இருக்கட்டும், திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடிவதாக இருக்கட்டும், கழற்றிய அசல் பாகம் காரோடேயே இருக்கட்டும் என்பது அதன் சாரம். எனக்கு இந்த அளவுகோல் பிடித்திருக்கிறது. ஓடுகிற பழைய ரேடியோவின் குடலை உருவி, உள்ளே ஒரு ப்ளூடூத் பலகையை வைத்து அசல் குமிழாலேயே இயக்குகிற வேலையைச் செய்து கொடுக்கும் பட்டறைகள் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இருக்கின்றன. செத்துப்போன ரேடியோவுக்கு அது மறுவாழ்வு, செய்யட்டும். ஓடுகிற ரேடியோவுக்குச் செய்வது எனக்குச் சம்மதமில்லை. அதைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, செத்ததாக ஒன்றைத் தேடி வாங்கி அதில் செய்யுங்கள்.

இதைவிட அடக்கமான வழி ஒன்றும் உண்டு. எந்தப் பழைய ரேடியோவிலும் நிலையத்தைப் பிடிக்கிற பகுதி ஒன்று, சத்தத்தைப் பெருக்குகிற பகுதி ஒன்று. இரண்டும் சந்திக்கிற இடத்தில்தான் சத்தக் குமிழின் மின்தடை இருக்கிறது. அந்தச் சந்திப்பில் ஒரு சின்ன சுவிட்சும் கெபாசிட்டரும் வைத்துப் போனிலிருந்து வருகிற ஒயரைச் சேர்த்தால், பாட்டு அதே பழைய பெருக்கி வழியாக, அதே பழைய ஸ்பீக்கரில் கேட்கும். இரண்டு மூன்று இடத்தில் பற்றவைப்பு, நாளைக்கே எடுத்துவிடலாம். வால்வு ரேடியோ என்றால் இதைத் தெரிந்தவர் கையில் விடுங்கள், உள்ளே இருநூறு வோல்ட் இருக்கிறது. கேசட் காலத்து ரேடியோவுக்கு அதுகூட வேண்டாம். கேசட் வடிவத்திலேயே ஒயர் வைத்த அடாப்டர் போதும்.

ஸ்பீக்கரில் ஒரு கண்ணி உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் வந்த பழைய டெல்கோ ரேடியோக்கள் 10 ஓம் ஸ்பீக்கருக்காகச் செய்தவை. "நல்ல ஸ்பீக்கர் போடறேன்" என்று இன்றைய 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால், வெளியீட்டு டிரான்சிஸ்டர் வெந்துவிடும். அதே மாதிரி, டேஷ்போர்டின் நடுவில் ஒரே ஒரு ஸ்பீக்கர்தான் இருந்தது, கதவில் துளை போட மனசில்லை என்றால், ஒரே கூம்பில் இரண்டு சுருள் வைத்த ஸ்பீக்கர்கள் கிடைக்கின்றன. ஒரு சுருளுக்கு இடது, இன்னொன்றுக்கு வலது. கூம்பு இரண்டையும் கூட்டிவிடும். மேலே சொன்ன அல்ஜீப்ரா கூட்டலைக் காகிதக் கூம்பு செய்கிறது!

பெரியப்பாவின் அம்பாசிடர்

இதையெல்லாம் நான் படிக்கத் தொடங்கியதற்கு ஒரு காரணம் திருச்சியில் இருக்கிறது. பெரியப்பாவின் பழைய அம்பாசிடரில் டேஷ்போர்டுக்குக் கீழே தொங்கவிட்ட இரண்டு குமிழ் ரேடியோ ஒன்று உண்டு. மத்திய அலை மட்டும். திருச்சி நிலையத்தின் 936-ல் நின்ற முள்ளை அவர் நகர்த்திப் பார்த்ததில்லை. போன வருஷம் பேரன் போனில் பாட்டுக் கேட்கணும் என்று அடம்பிடித்தான். வண்டியைப் பார்க்க வந்த மெக்கானிக், டேஷ்போர்டை அறுத்து டின் ரேடியோ போட்டுவிடலாம், அரை நாள் வேலை என்றாராம்.

பெரியப்பா எனக்குப் போன் பண்ணினார். "டேய், நீ இன்ஜினியர்தானே, வெட்டாம ஏதாவது வழி இருக்கான்னு பார்த்துச் சொல்லு. வெட்டுனா நான் ஏத்துக்க மாட்டேன்."

"பெரியப்பா, நான் படிச்சது கம்ப்யூட்டர்."

"கம்ப்யூட்டர்ல பார்த்துச் சொல்லு."

பார்த்தேன். அம்பாசிடர், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் சீரிஸின் வழிவந்தது. அந்த மோரிஸில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் வண்டியின் உடம்பில் சேர்ந்திருக்கும். பாசிட்டிவ் எர்த் என்பார்கள். இன்றைய ரேடியோ எல்லாமே உடம்பு நெகட்டிவ் என்று நம்பிச் செய்தவை. பாசிட்டிவ் எர்த் வண்டியில் அதை அப்படியே தகட்டில் முடுக்கினால் ஷார்ட். தகட்டைத் தொடாமல் ரப்பர் வைத்து மாட்டினாலும் ஏரியல் கேபிளின் வெளிக்கூடு வழியாகத் தொட்டுவிடும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஐம்பது அறுபதுகளின் பிரிட்டிஷ் வண்டி அல்லது அதன் வழிவந்த வண்டி என்றால், முதலில் பேட்டரியின் எந்த முனை உடம்புக்குப் போகிறது என்று கண்ணால் பாருங்கள். பெரியப்பா வண்டியில் நல்லவேளையாக நெகட்டிவ்தான்.

அடுத்தது டைனமோ. அந்தக் காலத்து லூகாஸ் சி40 வகை டைனமோவின் உச்சம் 22 ஆம்பியர், அதாவது 12 வோல்ட்டில் சுமார் 264 வாட். இரவில் ஹெட்லைட்டுக்கே நூறு வாட் போய்விடும். சிக்னலில் நிற்கும்போது டைனமோ ஏறக்குறைய ஒன்றுமே தராது. "4 × 45 வாட்" என்று அட்டையில் எழுதிய ரேடியோவை முழுச் சத்தத்தில் ஓட்டினால், பத்து ஆம்பியர்வரை அதுவே இழுக்கும். மழைக்கால இரவில், வைப்பர் ஓட, திருச்சியிலிருந்து மணப்பாறைக்குப் போய்வந்தால் மறுநாள் காலையில் வண்டியைத் தள்ளத்தான் வேண்டும். ஆகவே மின்சாரத்தை வீணாக்காத கிளாஸ் டி வகைச் சின்ன ஆம்ப்ளிஃபயர் ஒன்றைப் ப்ளூடூத்தோடு வாங்கி, சீட்டுக்கு அடியில் வைத்தோம். பின்பக்கப் பலகையில் தனி ஸ்பீக்கர். பழைய ரேடியோவின் ஒயரை யாரும் தொடவில்லை. அது அதன் ஸ்பீக்கரில் 936-ஐப் பாடுகிறது. பேரன் அவன் ஸ்பீக்கரில் அவன் பாட்டு. இரண்டும் சேர்ந்து ஓடும்போது உட்கார முடியாது என்பது வேறு விஷயம்.

சென்னையில் எஃப்.எம். ஒலிபரப்பு 1977 ஜூலை 23-லேயே தொடங்கிவிட்டது, நாட்டிலேயே முதலாவது. ஆனால் அப்போது இங்கே ஓடிய கார்களில் ரேடியோ இருப்பதே அபூர்வம், இருந்ததும் மத்திய அலை, சிற்றலைதான். ரேடியோ வைத்திருக்கத் தபாலாபீசில் லைசென்ஸ் கட்டிய காலம் அது. எண்பதுகளின் நடுவில்தான் ஒழிந்தது. அதனால் நம் ஊர்ப் பழைய காருக்கு 'அந்தக் கால முகம்' என்று தேடுகிறவர்கள் ஒன்றை யோசிக்கணும்: பல வண்டிகளின் அசல் முகம் ரேடியோவே இல்லாத வெறும் டேஷ்போர்டு. அதற்கு மிக நேர்மையான மேம்பாடு, கண்ணுக்கு எதுவுமே தெரியாமல் எல்லாவற்றையும் ஒளித்துவைப்பதுதான்.

நிலையம் போனபின்

இத்தனையும் முகத்தைப் பற்றி. அந்த முகத்துக்கு எதிர்முனையில் இருந்த இன்னொரு எல்லை, ஒலிபரப்பு, இப்போது ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருக்கிறது. ஜெர்மனியின் டாய்ச்லாண்ட்ஃபுங்க் 2014 கடைசி நாளோடு நெட்டலையையும், 2015 கடைசி நாளோடு மத்திய அலையையும் நிறுத்தியது. நார்வேயின் தேசிய நிலையங்கள் 2017-ல் எஃப்.எம்.மை விட்டு டிஜிட்டலுக்குப் போயின. சுவிட்சர்லாந்தின் பொது ஒலிபரப்பு 2024 டிசம்பர் 31-ல் எஃப்.எம்.மை அணைத்தது. எஃப்.எம். ஸ்டீரியோவில் மோனோவுக்கு இடம் வைத்தது போல, ஏ.ஆர்.ஐ.க்கு ஆர்.டி.எஸ். ஒதுங்கிக் கொடுத்தது போல, டிஜிட்டல் ஒலிபரப்பில் பழையதற்கு இடம் வைக்கவில்லை. அலைவரிசை வேறு, மொழியே வேறு. ஆகவே கவனமாகப் பழுதுபார்த்து, வைப்ரேட்டர் மாற்றி, டயல் விளக்கு எரியவைத்த ஒரு ஐம்பதுகளின் ரேடியோவுக்கு, அது பிறந்த ஊரிலேயே உள்ளூர் நிலையம் ஒன்றுமில்லை. ராத்திரியில் தூர நாடுகள் கொஞ்சம் எட்டும்.

நம் ஊரில் மத்திய அலை இன்னும் முழுசாக அணையவில்லை. பெரியப்பாவின் முள் நிற்கிற இடத்தில் இன்னும் ஆள் பேசுகிறார்.

அங்கே இதற்கும் வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். சீட்டுக்கு அடியில் ஒரு டிஜிட்டல் ரேடியோ பெட்டி இருக்கும். அது வானத்திலிருந்து நிலையத்தைப் பிடித்து, மிக மெல்லிய சக்தியில், பழைய ரேடியோ புரிந்துகொள்கிற அலையாக மாற்றி, அதன் ஏரியல் ஒயரில் விடும். எஃப்.எம். ரேடியோவுக்கு எஃப்.எம்., வால்வு ரேடியோவுக்கு மத்திய அலை. காருக்குள் மட்டும் எட்டுகிற ஒரு சொந்த ஒலிபரப்பு நிலையம். பழைய ரேடியோவைத் திறக்கவே வேண்டாம். குமிழைத் திருகி முள்ளை அந்த ஒரே இடத்துக்குக் கொண்டுபோனால் பாட்டு வருகிறது. கொஞ்சம் தள்ளினால் இரண்டு பக்கமும் இரைச்சல்.